கண்ணாடிக்குள் அலை பிறந்த கதை

கடல்மீன் தொட்டிக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும் என்று கண்டுகொண்டவர்களுக்கு அலையும் வேண்டும் என்பது மிகவும் பிந்தித்தான் உறைத்தது. இலங்கைக் கடலில் வண்ணமீன் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் 1930களிலேயே தொடங்கிவிட்டது. ரொட்னி ஜொங்க்லாஸ் போன்றவர்கள் நம் பார்களுக்குள் மூழ்கி மீன் பிடித்ததோடு நிற்காமல், அந்தக் கலையைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்கள். கப்பலேறிய மீன் ஓரளவு பிழைத்தது. பவளம் பிழைக்கவில்லை. அது உப்பின் குறையென்றும் விளக்கின் குறையென்றும் வெகுகாலம் நினைத்தார்கள்.

பவளத்துக்குக் கால் கிடையாது. மீன் நல்ல தண்ணீரைத் தேடிப் போகும். பவளத்தைத் தேடித் தண்ணீர்தான் வரவேண்டும். அசையாத நீரில் அதன் உடலை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலம் தேங்கி நிற்கும். உள்ளே போகவேண்டிய இரையும் ஒட்சிசனும் அந்தப் படலத்தைத் தாண்ட வேண்டும், வெளியே வரவேண்டிய கழிவும் அதைத்தான் தாண்ட வேண்டும். கடலில் அலை அந்தப் படலத்தை ஓயாமல் உரித்தெறிகிறது. அதுவும் ஒரே பக்கமாக அல்ல. போகும், வரும், சுழலும். தோட்டத்தில் பீலித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு ஓடும் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் பவளம் கேட்பது ஓட்டத்தையல்ல, அலைச்சலை.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் தன் முறையை ஒரு சஞ்சிகையில் எழுதினார். கடலிலிருந்து உயிரோட்டமுள்ள பாறைகளை எடுத்துவந்து தொட்டியில் அடுக்கி, காற்றுக்குழாயால் மெல்லக் குமிழி விட்டார். வேறு வடிகட்டி இல்லை. குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். அதுதான் அவருடைய பம்ப். அந்தத் தொட்டியில் பவளம் வாழ்ந்தது. நல்ல கடல்நீர் பக்கத்திலேயே கிடைத்த மனிதர் அவர். கடலைக் காணாத ஊர்களில் அதே முறையைச் செய்து பார்த்த பலருக்கு அது கைகூடவில்லை.

பின்னால் வந்தவர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தார்கள். ஒரு வழி வாளி வழி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வோல்டர் ஏடி, நிரம்பியதும் தானே கவிழும் வாளிகளை வைத்துத் தொட்டிக்குள் அலை அடிக்க வைத்தார். ஹவாயின் வைக்கிக்கி காட்சியகத்தில் புரூஸ் கார்ல்சன் இன்னும் எளிமையாக்கினார். தொட்டிக்கு மேலே ஒரு பீப்பாய். சின்னப் பம்ப் ஒன்று அதை மெதுவாக நிரப்பும். நீர் வளைகுழாயின் மேல்விளிம்பைத் தொட்டதும் மொத்தமும் ஒரே மூச்சில் கீழே பாயும். பிறகு மறுபடி நிரம்பத் தொடங்கும். பம்பைத் தவிர அதில் அசையும் உறுப்பே கிடையாது. இன்றைக்கும் மலிவான நிஜ அலை இதுதான் என்பது என் எண்ணம். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வீட்டில் உள்ளவர்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற வழி மோட்டார் வழி. உப்புநீரும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று ஆகாது. அதனால் கம்பிச்சுருளை முழுவதும் எபொக்சிப் பிசினில் புதைத்து, நடுவில் ஒரு காந்த உருளையை மட்டும் நீருக்குள்ளேயே சுழல விட்டார்கள். அச்சு நுழையும் துவாரம் இல்லை. ஆகவே ஒழுகவும் வழியில்லை. ஜெர்மனியின் பவேரியாவில் பென்ஸ்பெர்க் ஊரிலிருக்கும் டுன்ஸே கொம்பனி 1970களில் 'டர்பெல்' என்ற பெயரில் தொட்டிகளுக்கான பம்புகளைக் கொண்டுவந்தது. மற்ற இடங்களில் கடைக்குக் கடை விற்றவை சின்னப் பீச்சுப் பம்புகள். அவற்றில் பெயர்பெற்ற மேக்ஸி-ஜெட் 1200, சுமார் 20 வாட் மின்சாரத்தில் மணிக்கு 1,100 லீற்றர் அளவு நீர் தள்ளியது. மெல்லிய வாய் வழியாக வேகமாகப் பீச்சும். எதிரே நின்ற பவளத்தின் சதை உரியும். பக்கத்தில் நின்றதற்கு ஒன்றும் கிடைக்காது.

இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள மலையகத்தாருக்கு அதிக நேரம் ஆகாது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே பிளாக்பூலில் பொறியியலாளர் விமலசுரேந்திர அமைத்த சிறு நீர்மின் நிலையம்தான் நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தது. நீர்மின் வேலையில் கேட்கும் கேள்விகள் இரண்டு: தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, எவ்வளவு தண்ணீர் விழுகிறது. இரண்டின் பெருக்கல்தான் சக்தி. பம்ப் அதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. பீச்சுப் பம்ப் தன் சக்தியின் பெரும்பங்கை உயரத்துக்காக, அதாவது அழுத்தத்துக்காகச் செலவழித்தது. ஆனால் தொட்டிக்குள் நீரை எந்த மேட்டுக்கும் ஏற்ற வேண்டியதில்லையே! அழுத்தத்தைக் கைவிட்டால் அதே கரண்டில் பல மடங்கு தண்ணீரை நகர்த்தலாம். அகன்ற வாயும் கப்பல் விசிறியும் போதும்.

2000களின் ஆரம்பத்தில் டுன்ஸே 'ஸ்ட்ரீம்' பம்பில் அந்த விசிறியைப் பொருத்தியது. நல்ல பம்ப், ஆனால் விலை அதிகம். அமெரிக்காவில் காசு குறைந்த ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய மேக்ஸி-ஜெட்டின் முகத்தைக் கழற்றிவிட்டு, விளையாட்டுப் படகின் விசிறியை அதன் அச்சில் மாட்டினார்கள். நீரோட்டம் பல மடங்கானது. ஒரு வினோதமும் கூடவே வந்தது. அந்த வகை ஏசி மோட்டார் எந்தப் பக்கமாகச் சுழலத் தொடங்கும் என்பதில் நிச்சயமில்லை. சில தடவை விசிறி தலைகீழாகச் சுற்றி, தள்ளவேண்டிய நீரை இழுத்தது. செருகியைக் கழற்றி மறுபடி செருகுவதுதான் அதற்கு வைத்தியம். மலிவுப் பம்பின் பூர்வீகம் தொழிற்சாலையல்ல, இந்த ஆர்வலர்களின் மேசைகள்தான் என்று சொல்வேன். கொஞ்ச காலத்தில் இத்தாலியின் ஹைடோர் கொம்பனி 'கொராலியா'வை விற்றது. விசிறி, கண்ணாடியில் ஒட்டும் காந்தப் பிடி, கட்டுப்படியாகும் விலை.

இதற்கிடையில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் பிரச்சினையை வேறொரு முனையில் பிடித்தார்கள். மோட்டாரை ஏன் தண்ணீருக்குள் வைக்கவேண்டும்? ஆய்வுகூடத்தில் குவளைக்கு வெளியே காந்தம் சுற்ற, உள்ளே கிடக்கும் துண்டும் கூடச் சுற்றி மருந்தைக் கலக்கும் கருவி முன்பே இருந்தது. அதே முறையில் மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியேயும் விசிறியைக் கண்ணாடிக்கு உள்ளேயும் வைத்தார்கள். நடுவே கம்பி இல்லை, துவாரம் இல்லை. காந்தம் கண்ணாடியூடே பிடித்துச் சுற்றும். அவர்கள் தொடங்கிய எக்கோடெக் மரைன் கொம்பனியின் வோர்டெக் பம்ப் அப்படிப் பிறந்தது. அதன் எம்.பி.40 இன்று 40 வாட்டில் மணிக்கு 17,000 லீற்றர் வரை தள்ளும். பழைய பீச்சுப் பம்போடு ஒப்பிட்டால், ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் நீரைத் தள்ளினால், தொட்டி முழுவதும் எழுந்து தாழும்.

2013 வாக்கில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்து ஜெபாவோ கொம்பனி, வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு கூடிய டிசி விசிறிப் பம்பைப் பெரிய பெயர்களின் விலையில் ஒரு சிறு பங்குக்கு இறக்கியது. அன்றிலிருந்துதான் மலிவுப் பம்பா, விலையுயர்ந்ததா என்ற கேள்வி கடினமானது. அதுவரை மலிவுப் பம்ப் ஒரே வேகத்தில் ஓடும், விலையுயர்ந்தது அலை அடிக்கும் என்று பிரித்துவிடலாம். இப்போது இரண்டும் அலை அடிக்கின்றன.

வேறுபாடு உள்ளே இருக்கிறது. காந்த உருளையைச் சுற்றிய பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் உப்புநீர் நுழையும். காந்தம் துருப்பிடித்து வீங்கும், சுழற்சி நிற்கும், உலோகம் நீரில் கரையும். பவளத்துக்கு அது நஞ்சு. பீங்கான் அச்சு உடைவதும், சுருளை மூடிய பிசின் விரிவதும் இதே ரகம். நல்ல பம்பில் இவை நேரவே நேராது என்றில்லை. பிந்தி நேரும், நேர்ந்தால் அந்த உறுப்பை மட்டும் வாங்கி மாற்றலாம். எந்தப் பம்பானாலும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் மாட்டவேண்டாம்.

இனி நானுஓயாக் கணக்கு. கொழும்பில் விலையுயர்ந்த பம்பைப் புகழ்வோர் முதலில் சொல்வது, மோட்டார் வெளியே இருப்பதால் தொட்டி சூடாகாது என்பதை. அங்கே அது பெரிய லாபம்தான். குளிரூட்டும் இயந்திரத்தின் செலவு குறையும். ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் இருக்கும் நம் பக்கத்தில், தொட்டியை 25 பாகையில் வைக்க ஹீட்டர் ஓயாமல் எரிய வேண்டும். பம்ப் வீணாக்கும் சூடு தண்ணீரில் இறங்கினால் ஹீட்டர் அந்த அளவுக்கு ஓய்வெடுக்கும். "தம்பி, இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டால், ஒரு பகுதியாவது ஹீட்டர் கணக்கில் திரும்பி வரும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆக, அந்தச் சிறப்புக்காக இங்கே அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கொழும்புக்காரர் சொல்லவே மாட்டார். நானுஓயா 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையை விட ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைவு. 25 பாகையில் உள்ள கடல்நீர் கடற்கரையில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைத் தாங்கும் என்றால், இங்கே 5.5 அளவில்தான் தாங்கும். இரவில் பவளமும் மீனும் பாசியும் சேர்ந்து அதை மூச்சாக இழுக்கின்றன. கையிருப்பே குறைவாக இருப்பதால், நீரின் மேற்பரப்பைக் கலைத்துக்கொண்டேயிருப்பது இங்கே கட்டாயம். பம்ப் நின்றால் அவகாசமும் குறைவு. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் இந்த மலையில் 200 லீற்றருக்குக் குறைந்த தொட்டிக்கு ஒரு விலையுயர்ந்த பம்பை விட, எதிரெதிராக மாட்டிய இரண்டு மலிவு டிசி பம்புகளையே நான் விரும்புவேன். ஒன்று நின்றால் மற்றது ஓடும். எதிரெதிர் ஓட்டம் மோதும் இடத்தில் அலைச்சல் தானாகவே வரும். மிச்சமாகும் பணத்தில் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று. பெரிய தொட்டி, படுக்கையறைத் தொட்டி என்றால் என் பேச்சு மாறும். அங்கே சத்தமின்மையும், கரண்ட் போனதும் தானாகவே பற்றரிக்கு மாறும் ஏற்பாடும் காசுக்குத் தகும். எதை வாங்கினாலும் சில மாதத்துக்கொரு முறை கழற்றி வினாகிரியில் ஊறவைத்துச் சுண்ணாம்புப் படிவைக் கரைக்க வேண்டும். செய்யாவிட்டால் விலையுயர்ந்ததும் இறுகும்.

கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், உள்ளே சுழலும் அந்தக் காந்த உருளை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால், வாங்கும்போதே உதிரிக்கென்று ஒரு பம்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நானுஓயாவுக்கு ரயிலேறுங்கள்.