கூலியும் கையூட்டும்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மறைமுகப் பணம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மறைமுகப் பணம் பற்றி எழுதுவோர் பலரும் வரலாற்றாசிரியர் டெய்லர் பிராஞ்ச்சை அடியொற்றியே செல்கின்றனர். 2011இல் 'தி அட்லாண்டிக்' இதழில் வந்த அவருடைய நெடுங்கட்டுரை, வீரர்களுக்குப் பணம் போவது ஊழலன்று, அவர்களுக்கு ஊதியத்தை மறுக்கும் அமெச்சூர் விதியே ஊழல் என்று வாதிட்டது. அவ்விதி பொருளாதார ஆதாயத்தை மறைக்கும் திரை என்பதை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தை 1951 முதல் 1987 வரை நடத்திய வால்டர் பையர்ஸே 1995இல் தம் நூலில் ஒப்புக்கொண்டார். இதுவரை எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு அடுத்த படியில் எழுகிறது. பிராஞ்ச்சின் வாசிப்பில் மறைமுகப் பணம் எல்லாம் ஒரே வகை: மறுக்கப்பட்ட கூலி. விதி நீங்கினால் ஊழலும் நீங்கும் என்று அவரை அடியொற்றுவோர் அதிலிருந்து முடிவுகட்டுகிறார்கள். 2017 வழக்கின் ஆவணங்கள் இதற்கு இடந்தரவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் கூட்டரசு வழக்கறிஞர்கள் வெளியிட்ட புகார் மனுக்களுள் ஒன்றில் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. 'நிறுவனம்-1' அடிடாஸ்; 'பல்கலைக்கழகம்-6' லூயிவில்; மாணவர் வெறும் 'வீரர்-10'. அவர் குடும்பத்துக்கு 1,00,000 டாலர் தர ஏற்பாடு. ஆனால் மனுவின்படி பாதிக்கப்பட்டவர் மாணவர் அல்லர். அப்பணத்தால் அமெச்சூர் விதிப்படி தகுதியிழந்தவருக்கு உதவித்தொகை வழங்கும்படி ஏமாற்றப்பட்ட பல்கலைக்கழகமே. 2018இல் மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2021இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பணம் வாங்கியதை மகன் அறியான் என்று தந்தை சாட்சி சொன்னார். ஆயினும் அம்மாணவர் லூயிவில்லுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இம்மனுவை மட்டும் படித்தால் பிராஞ்ச் சொல்வதே சரி: விதி இல்லையேல் குற்றமும் இல்லை.

உடன்வந்த மனுக்கள் வேறு கதை சொல்கின்றன. ஆபர்ன் பல்கலைக்கழகத் துணைப் பயிற்றுநர் சக் பெர்சன் 91,500 டாலர் பெற்றதாகக் குற்றச்சாட்டு. தம்மை நம்பிய வீரர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகரிடம் சேர்ப்பதற்கான கையூட்டு அது. 2019இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அத்தொகையில் ஏறத்தாழ 18,500 டாலர் இரு வீரர்களின் குடும்பங்களுக்குப் போனதாக மனுவே கூறுவது என் வாதத்துக்கு இடையூறுதான். ஆனால் ஆலோசகரிடம் தள்ளப்படவிருந்த வீரர்களின் குடும்பங்களே அவை. ஆகவே அதைக் கூலி என்பதைவிட நம்பிக்கையை வாங்கக் கொடுத்த விலை என்பதே பொருந்தும்.

வீரருக்குக் கூலி, பயிற்றுநருக்குக் கையூட்டு என்னும் இவ்விரு வழிகளும் எப்போது பிரிந்தன? 1970களின் இறுதியில் சன்னி வக்காரோ என்பவர் வழியாகக் காலணி நிறுவனமான நைக்கி பயிற்றுநர்களுக்கே பணம் கொடுக்கத் தொடங்கியதைத் தொடக்கமாகக் கருதலாம். பயிற்றுநரின் அறிவுரைக்குச் சந்தை விலை உண்டானது அப்போதுதான் என்பது என் ஊகம்; நேர்ச்சான்று குறைவு. அதை எல்லைக்கோடாகக் கொள்ளவும் முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழக வீரர்கள் நால்வருக்கு எட் மார்ட்டின் என்ற தனி ஆதரவாளர் 6,16,000 டாலர் தந்ததாக 2002இல் வழக்குத் தொடரப்பட்டது. அப்பணம் பெரிதும் 1990களைச் சேர்ந்தது. பழைய வழி அடைபடாமலே புதியது திறந்திருக்கிறது.

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வெளிப்படையாகப் பொருளீட்டலாம். 2025இல் ஏற்கப்பட்ட வழக்கு உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். பயிற்றுநர் வாங்கும் கையூட்டோ இன்றும் குற்றமே. இரண்டையும் ஒன்றாக்கும் வரலாறு, விற்கப்பட்ட மாணவருக்கு நியாயம் செய்யாது.