குதிரைப் பெயர்களும் ‘இனம்’ என்னும் சொல்லும்

பழைய நூல்களில் வரும் குதிரைப் பெயர்களை மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் ‘இனம்’ என்னும் சொல்லையே சேர்த்து எழுதுகின்றனர். இவ்வழக்கம் பொருந்துமா என்பதைச் சொல் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமரகோசம் குதிரைகளுக்கு வனாயுஜம், பாரசீகம், காம்போஜம், பாஹ்லிகம் என்னும் பெயர்களைத் தருகிறது. இந்நான்கும் நாட்டுப் பெயரடியாகப் பிறந்தவை. குதிரை வந்த திசையை இவை சுட்டுகின்றனவேயன்றி, அதன் பெற்றோர் வழியைச் சுட்டவில்லை.

12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரரின் அபிதான சிந்தாமணி (இது தமிழில் இப்பெயரால் வழங்கும் கலைக்களஞ்சியத்தினும் வேறானது) நிறத்தால் குதிரைகளை வகுக்கிறது. வெள்ளைக் குதிரை கோகாஹம், சிவந்தது கிரியாஹம், பல நிறம் கலந்தது ஹலாஹம். இச்சொற்கள் வடமொழி வேர்களுக்கு எளிதில் அடங்குவன அல்ல. பலவற்றின் ஈற்றில் ஒரே ஒலித்தொடர் அமைந்திருப்பதும் கருதத்தக்கது. மேற்காசியக் குதிரை வணிகத்தோடு வந்த சொற்கள் இவற்றுள் உள்ளன என்பது ஆய்வாளர் கருத்து. ஹேமசந்திரரே தம் உரையில், இவை தேசிச் சொற்களை ஒத்தவை என்றும், தாம் கூறும் சொற்பிறப்பு எழுத்துகளின் வரிசையை உறுதிசெய்வதற்கே என்றும் குறிப்பிடுகிறார். சொற்பிறப்பு ஆய்வில் இத்தகைய நேர்மை அரிது.

அவ்வாறாயின், ‘இனம்’ என்னும் கருத்து எப்போது உறுதிப்பட்டது? இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் வழிமுறைப் பதிவேடு 1791இல் வெளிவரத் தொடங்கியது. பெற்றோர் இருவரும் பதிவில் இடம்பெற வேண்டும் என்னும் நெறி இத்தகைய பதிவேடுகளால் நிலைபெற்றது. ஆயினும் அவ்வினத்தின் மூலக் குதிரைகளுள் ஒன்று ‘கடால்ஃபின் அரேபியன்’ என்றும் ‘கடால்ஃபின் பார்ப்’ என்றும் இருவகையாக வழங்கப்பட்டது. ஒன்று அரபு நாட்டையும் மற்றொன்று வட ஆப்பிரிக்காவையும் சுட்டும். பதிவேட்டின் அடித்தளத்திலேயே நாட்டுப் பெயர் ஐயத்திற்கு இடமாகி நிற்பதை இங்குக் காண்கிறோம்.

‘வேலர்’ என்னும் பெயரும் இத்தகையதே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து இந்தியப் படைக்காகக் கப்பலில் வந்த குதிரைகளை இச்சொல் குறித்தது. பின்னர் ஆஸ்திரேலியக் குதிரைகள் அனைத்திற்கும் பொதுவாயிற்று. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இதனைப் பதிவு செய்துள்ளது. பல குருதி கலந்த இக்குதிரைகளை ஓர் இனமாகப் பேணும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அமைப்பு வடிவம் பெற்றது.

தமிழில் ‘மட்டக்குதிரை’ என்பதும் உயரத்தைக் குறிப்பதே, இனத்தையன்று. எனவே காம்போஜம் என்பதைக் ‘காம்போஜ நாட்டுக் குதிரை’ என்றும், கோகாஹம் போன்றவற்றை மூல வடிவிலேயே நிறுத்தி நிறவிளக்கம் தந்தும் பெயர்ப்பதே முறை. ‘இனம்’ என்று எழுதும்போது, மூலநூலார் அறியாத ஒரு பதிவேட்டை நாம் அவர்மீது ஏற்றிவிடுகிறோம். சொல் வந்த வழியும் அதனால் மறைந்துபோகிறது.