கொன், ஜெரோம்
ஜெரோம் கொன் (1907–1994) அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர். அல்டொஸ்தரோன் என்னும் ஓமோன் மிகுந்தாலே குருதியமுக்கம் உயரும் என்பதை நோயாளி ஒருவரிடம் நிறுவியவர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், புழுக்கத்தில் உழைப்பவரின் உடல் உப்பை எப்படிக் காக்கிறது என்று ஆராய்ந்தார். சில நாள்களில் வியர்வையின் உப்பு குறைவதைக் கண்டு, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பியே அதை ஆள்கிறது என்று முடிவு செய்தார். இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இறப்பர் பால் வெட்டுவோர், கொழுந்து பறிப்போர் உடல்களைக் காப்பதும் இதே ஏற்பாடுதான்.

1954இல் 34 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். ஏழு ஆண்டுகளாகத் தசைப் பலவீனமும் பிடிப்பும். கூடவே உயர் அமுக்கம், இரத்தத்தில் பொட்டாசியக் குறைவு. வியர்வையிலோ சோடியம் மிகச் சொற்பம். புழுக்க ஆய்வு இங்கே கைகொடுத்தது. டிசம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வலது சுரப்பியில் கட்டி இருந்தது. அதை அகற்றியதும் குணம் தெரிந்தது. இந்நோய் இன்று கொன் நோய்க்குறித்தொகுதி எனப்படுகிறது.

இது பரவலான நோய் என்ற அவரது கணிப்பைப் பலர் அன்று ஏற்கவில்லை. 2025இல் வெளியான அமெரிக்க அகஞ்சுரப்பியியல் வழிகாட்டியோ உயர் அமுக்கமுள்ள எல்லோரையும் இதற்காகப் பரிசோதிக்கப் பரிந்துரைக்கிறது. தோட்ட மருந்தகத்தில் அமுக்கம் பார்த்துவிடலாம். ஆனால் அல்டொஸ்தரோனையும் அதைத் தூண்டும் ரெனினையும் அளக்க வசதியுள்ள ஆய்வுகூடம் வேண்டும். தொழிலாளருக்கு அது இருக்கும் தூரமே பெருந்தடை. ஒரு சுரப்பி மட்டும் பழுதென்றால் அறுவை. இரண்டும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை.