எக்கோவுக்குச் சாட்சி சொன்ன இதயங்கள்

எக்கோ பரிசோதனையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். உலோக விரிசலைத் தேடப் பயன்பட்ட மீயொலிக் கருவி இதயத்துக்கு வந்த கதை சுவையானது, உண்மையும்கூட. ஸ்வீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், மால்மோ கப்பல் தளத்தில் இருந்த அத்தகைய கருவியை முதலில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு சீமென்ஸ் நிறுவனம் கடனாகத் தந்த கருவியில், 1953 அக்டோபர் 29 அன்று, துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். (ஹெர்ட்ஸின் தந்தை நோபல் பரிசு பெற்றவர், சீமென்ஸ் ஆய்வகத்தை நடத்தியவர். சிபாரிசு எல்லா ஊரிலும் உண்டு.) ஆனால் இதய வால்வின் வடிவம் மருத்துவருக்குப் பிடிபட்டதற்கு, கருவி காட்டியதை அப்படியே நம்பாமல் நிஜ இதயத்தோடு வைத்துச் சரிபார்த்ததே முதல் காரணம் என்பேன்.

எட்லரின் தேவை மிகக் குறிப்பானது. ருமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் ஒட்டிச் சுருங்கிய மைட்ரல் வால்வை, அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வை, அன்றைய அறுவை மருத்துவர்கள் துடிக்கும் இதயத்துக்குள் விரலை நுழைத்துப் பிரித்தார்கள். ரத்தம் பின்னோக்கி ஒழுகும் வால்வில் இதைச் செய்தால் கேடுதான். ஆகவே நெஞ்சைத் திறக்கும் முன்பே வால்வின் நிலை தெரிய வேண்டியிருந்தது. கருவி தந்ததோ மேலும் கீழும் அசையும் ஒரு கோடு. சுருக்கம் உள்ளவர்களிடம் அந்தக் கோடு மெதுவாகச் சரிந்தது. நோயறிய அது உதவியது. ஆனால் கோடு இடது மேலறையின் சுவரிலிருந்து வருவதாகத்தான் எட்லர் முதலில் நினைத்தார். பிறகு, இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் நெஞ்சில் ஒலிக்கற்றை சென்ற இடத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, இறந்தபின் அதே வழியில் பனிக்கட்டி உடைக்கும் ஊசியைச் செலுத்திப் பார்த்தார். ஊசி போய் நின்றது மைட்ரல் வால்வின் முன் இதழில். பதிவு மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது.

கோட்டை மட்டும் காட்டிய காலத்துக் குழப்பம் இது, முழுப் படம் வந்ததும் தீர்ந்திருக்குமே என்று கேட்கலாம். தீரவில்லை. இரு பரிமாணப் படம் வந்த பின்பும், ஆரோக்கியமான பலருக்கும் மைட்ரல் இதழ் மேலறைக்குள் பிதுங்குவதாக எழுதித் தரப்பட்டது. இதழ்கள் பொருந்தியிருக்கும் வால்வின் வளையம் தட்டையானது என்ற நினைப்பே காரணம். உண்மையில் அது குதிரைச் சேணம்போல் வளைந்தது. ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் நல்ல இதழும் வளையத்துக்கு மேலே நிற்பதாகவே தெரியும். 1980களில் இதய மருத்துவர் ராபர்ட் லெவினும் சகாக்களும் பல கோணப் படங்களை இணைத்து முப்பரிமாண வடிவத்தை மீட்டுருவாக்கி இதைக் காட்டினார்கள். இங்கே தொழில்நுட்பத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வளையம் தட்டைதானா என்று ஒருவர் சந்தேகப்படாதவரை, படம் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வில் 3,491 பேரை, வளையத்தின் இந்த வளைவைக் கணக்கில் கொண்டு திருத்திய வரையறையின்படி பார்த்து, 1999-இல் வெளியிட்ட முடிவில், வால்வு பிதுக்கம் இருந்தவர்கள் 2.4 சதவீதம் மட்டுமே.