வாவிக்கரையின் பெயருக்கு உரியவர் யார்?

மருதமுனைச் சேலை, களுதாவளை வெற்றிலை, மட்டக்களப்புத் தயிர் என்று நாம் சொல்லும்போது ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஓர் ஊர் நிற்கின்றது. வாங்குபவர் அந்த ஊரை நம்பியே விலை கொடுக்கின்றார். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததன்று. நெசவாளரும் கொடிக்கால் விவசாயியும் பட்டிக்காரரும் தலைமுறை தலைமுறையாகத் தேடி வைத்த சொத்து அது. ஆனால் அந்தச் சொத்துக்கு இன்றுவரை உறுதி எழுதப்படவில்லை. வேறெங்கோ விசைத்தறியில் நெய்த துணியின்மீது மருதமுனையின் பெயரை ஒருவர் ஒட்டி விற்றால், அதைத் தடுப்பதற்கு நம் கையில் என்ன ஆவணம் இருக்கின்றது? இக்கேள்விக்கு விடை தேட முற்படுவோர் அயல்நாடான இந்தியாவின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்குதல் பயன் தரும்.

இந்தியாவில் அறிவுசார் சொத்துரிமை என்றும், இலங்கையில் புலமைச் சொத்து என்றும் வழங்கப்படும் சட்டத்துறையில், ஓர் இடத்தின் பெயரால் அறியப்படும் பொருளுக்கான உரிமை புவிசார் குறியீடு எனப்படுகின்றது. இதற்கென இந்தியா 1999 இல் தனிச்சட்டம் இயற்றி, 2003 செப்டெம்பர் 15 முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. பதிவகம் சென்னையில் இயங்குகின்றது. முதலாவதாகப் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. இன்று பதிவுகளின் எண்ணிக்கை 600 ஐத் தாண்டிவிட்டது. காஞ்சிபுரம் பட்டு 2005 இல் பதிவு பெற்றது.

இவ்வுரிமை காப்புரிமை போன்றதன்று. வர்த்தகக் குறி போன்றதுமன்று. அது தனியொருவருக்குச் சொந்தமாவதில்லை. உற்பத்தியாளரைப் பிரதிநிதித்துவம் செய்யும் சங்கமோ சட்டபூர்வ அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். பதிந்த குறியீட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறருக்கு உரிமம் கொடுக்கவோ இந்தியச் சட்டம் இடமளிப்பதில்லை. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். பொருளின் பெயர் பதிவேட்டின் ஒரு பகுதியிலும், அதனைப் பயன்படுத்த உரிமை பெற்றவர்களின் பெயர்கள் மற்றொரு பகுதியிலும் பதியப்படுகின்றன. போலிப் பெயரில் விற்போருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழியுண்டு.

நமது வாவிக்கரைக்கு நெருக்கமான இரண்டு உதாரணங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. திருநெல்வேலி மாவட்டத்தில் முஸ்லிம் குடும்பங்கள் கோரைப்புல்லால் நெய்யும் பத்தமடைப் பாய் இக்குறியீட்டைப் பெற்றுள்ளது. தாமிரபரணி நீர் பாயும் ஆத்தூரின் வெற்றிலை 2023 இல் அதனைப் பெற்றது. ஒன்று முஸ்லிம் கைவினைஞரின் பொருள். மற்றொன்று விவசாயிகளின் விளைபொருள். இரண்டையும் ஒரே ஆற்றுப்படுகைதான் வளர்த்தது. சட்டம் நெய்தவரின் மதத்தையோ பயிரிட்டவரின் குலத்தையோ கேட்கவில்லை. மண்ணும் நீரும் கைத்திறனும் பொருளுக்குத் தந்த தனித்தன்மை யாது என்று மட்டுமே கேட்டது.

தாமதத்தின் விலையை உணர்த்தும் நிகழ்வு வங்கத்தில் நடந்தது. தாங்காயில் என்பது பங்களாதேஷில் உள்ள மாவட்டம். அதன் கைத்தறிச் சேலை புகழ்பெற்றது. 1947 பிரிவினைக்குப் பின்னர் அங்கிருந்து பெயர்ந்த நெசவாளர் பலர் மேற்கு வங்கத்தில் குடியேறி அதே நெசவைத் தொடர்ந்தனர். 2024 ஜனவரியில் 'வங்கத்தின் தாங்காயில் சேலை' என்ற பெயர் இந்தியாவில் பதிவானது. பங்களாதேஷில் எதிர்ப்பு எழுந்தது. அந்நாடு 2013 இலேயே புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியிருந்தும் தாங்காயில் சேலையைப் பதிந்திருக்கவில்லை. அடுத்த மாதமே அவசரமாக அதனைப் பதிய வேண்டியதாயிற்று. புலம்பெயர்ந்த நெசவாளருக்கும் ஊரில் தங்கிய நெசவாளருக்கும் அப்பெயரில் பங்கு உண்டு என்பது நியாயமே. ஆயினும் சட்டம் கையிலிருந்தும் பதினோராண்டுகள் வாளாவிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்திய அனுபவம் முழுவதும் வெற்றியென்று நாம் கூற வரவில்லை. பதிவுச் சான்றிதழ் கிடைத்த பின்னரும் காஞ்சிபுரத்தின் பெயரில் போலிச் சேலைகள் விற்கப்படுகின்றன. கண்காணிக்கும் அமைப்பு வலுவாக இல்லாவிடின் சான்றிதழ் சுவரில் தொங்கும் படமாகிவிடும். மேலும், இந்தியச் சட்டத்தின் வரைவிலக்கணப்படி உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள் அப்பொருளை வாங்கி விற்கும் வணிகரும் அடங்குவர். இதனால் தறியில் அமர்ந்தவருக்குக் கிடைக்கவேண்டிய பலன் கடைக்காரருக்குப் போய்ச் சேரும் அபாயம் உண்டு. உரிமை பெற்ற பயன்படுத்துநராகப் பதிவதற்கான கட்டணத்தை 2020 இல் 500 ரூபாவிலிருந்து 10 ரூபாவாகக் குறைத்தமை, எளிய கைவினைஞரும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்ற நோக்கிலேயேயாகும்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவிசார் குறியீடுகளை ஏற்றுக்கொண்டது. இடத்தின் பெயரால் மக்களை ஏமாற்றுபவருக்கு எதிராக வழக்குத் தொடரவும் வழி செய்தது. ஆனால் அவற்றைப் பதிவதற்கென ஒரு பதிவேடு அதில் இருக்கவில்லை. அக்குறையை 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே நிவர்த்திக்க முற்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கைப்படி, தோன்றிய நாட்டிலேயே பாதுகாக்கப்படாத குறியீட்டுக்குப் பிற நாடுகள் பாதுகாப்பளிக்கக் கடமைப்பட்டவையல்ல. ஆகவே முதற்படியை நாமே எடுத்துவைக்க வேண்டும்.

கறுவாவுக்கும் தேயிலைக்கும் பின்னால் அரச நிறுவனங்களும் ஏற்றுமதியாளரும் உள்ளனர். மருதமுனைத் தறிக்குப் பின்னால் யார் உள்ளனர்? கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்த ஊரை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சிதைத்தபோது உயிர்களோடும் வீடுகளோடும் தறிகளும் போயின. எஞ்சியவர்கள் மீண்டும் பாவு பூட்டினர். இன்று அவர்கள் மலிவான இறக்குமதித் துணியோடு போட்டியிடுகின்றனர். ஊரின் பெயர் ஒன்றே அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் முதல்.

இவ்விடத்தில் ஒரு சிக்கலை வெளிப்படையாகவே பேசவேண்டும். விண்ணப்பத்தில் பிரதேச எல்லை குறிக்கப்பட வேண்டும். மட்டக்களப்பு வாவியோ நிர்வாக எல்லைக்குக் கட்டுப்பட்டதன்று. வடக்கே பங்குடாவெளி முதல் தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அது இரு மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கின்றது. மருதமுனை அம்பாறை மாவட்டத்திலும் களுதாவளை மட்டக்களப்பு மாவட்டத்திலும் உள்ளன. எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்திருக்கின்றன. எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே இரு சமூகங்களும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் நிலைமையைக் கடந்த நாற்பதாண்டுக் கசப்புகள் ஏற்படுத்திவிட்டன.

ரசகுல்லா யாருக்குரியது என்று மேற்கு வங்கமும் ஒடிசாவும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டன. இறுதியில் 2017 இல் வங்கத்தின் ரசகுல்லாவும் 2019 இல் ஒடிசாவின் ரசகுல்லாவும் தனித்தனியே பதிவாயின. நமது கரையில் அவ்வாறான பிணக்குக்குத் தேவையே இல்லை. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல் வாழ்ந்தோம் என்று மேடைதோறும் சொல்லிவருகின்றோம். அதனைப் பத்திரத்தில் எழுதிக்காட்டும் வாய்ப்பு இப்போது வந்திருக்கின்றது. நெசவுக்கு ஒரு சங்கம், வெற்றிலைக்கு ஒரு சங்கம், தயிருக்கு ஒரு சங்கம் என அமைத்து, அவற்றுக்கு மேல் இரு மாவட்டத்தவரும் இரு சமூகத்தவரும் அமரும் பொதுச்சபை ஒன்றை ஏற்படுத்தலாம்.

முதலில் செய்யவேண்டியது ஆவணப்படுத்தலாகும். எந்த நூல், எவ்வகைச் சாயம், எத்தகைய தறி, எந்தக் கரை வேலைப்பாடு மருதமுனைக்கே உரியது என்பதை வணிகரல்ல, நெசவாளரே சொல்ல வேண்டும். நூல் சுற்றும் பெண்களின் பெயரும் உற்பத்தியாளர் பட்டியலில் இடம்பெற வேண்டும். வரலாற்றுச் சான்றுகளைத் தேடுவோர் எஸ்.ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1921 இல் வெளியான நூலையும், எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தையும் புரட்டிப் பார்த்துத் தொடங்கலாம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இப்பணியில் கைகோக்குமாயின் அது இரு சமூகங்களுக்கும் நற்சேதியாக அமையும்.

போரும் அலையும் நம் காகிதங்களில் பலவற்றைக் கொண்டுபோய்விட்டன. எஞ்சியிருப்பது முதியவர்களின் நினைவு. தறியின் நுட்பத்தை முழுமையாக அறிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவர்கள் சொல்லக்கூடிய காலத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பதிவேட்டுக்கு நாம் செல்லும் நாளில், எங்கள் பெயர் இது என்று சாட்சி சொல்ல ஒருவராவது இருக்க வேண்டுமல்லவா?