கொல்லைக் கதவு

கமோடின் சீட் விரிசல் விட்டு ஆறு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தபோது, குந்தி உட்காரும் பழைய பீங்கானை உடைத்துவிட்டு வைத்தது. "உட்கார்ந்தா தொடையைக் கடிக்குது" என்று அவர் புலம்ப ஆரம்பித்ததும் புது சீட் வாங்கிவந்து, ஸ்பேனரோடு உள்ளே போனேன். அம்மா தடுத்தாள்.

"அதையெல்லாம் நீ ஏன் தொடுற? ஆளைக் கூப்பிட்டா வந்து கழட்டிட்டுப் போறான்."

வேலை ரொம்பச் சின்னது. சீட்டின் பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் மூடிகள். நெம்பினால் போல்ட்டின் தலை தெரியும். பீங்கானுக்கு அடியில் கையை விட்டால் நட்டு. மேலே ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு கீழே திருக வேண்டும், அவ்வளவுதான். ஒன்று உடனே வந்துவிட்டது. இன்னொன்று துருவேறி இறுகிப்போயிருந்தது. முரட்டுத்தனமாக முறுக்கினால் பீங்கான் தெறித்துவிடும். தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

எதிரே, கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. கமோடின் மொத்த வரலாறும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. 1596இலேயே இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் என்பவர் தண்ணீர் அடித்துக் கழுவும் கழிப்பறையை உருவாக்கி, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஆனால் குழாய் வழியே நாற்றம் மேலே ஏறுவதைத் தடுக்க அதில் வழியில்லை. 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங், குழாயை ஆங்கில 'எஸ்' எழுத்துபோல வளைத்துக் காப்புரிமை வாங்கினார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதைத் தாண்டி நாற்றம் வராது. இதைத்தான் வாட்டர் சீல் என்கிறோம்.

நாற்றத்தைத் தடுக்க ஒரு கடிகாரக்காரர் வளைத்த குழாய், 218 வருடம் கழித்து இந்தியச் சட்டத்துக்குள் வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டம், உலர் கழிப்பிடம் எது என்பதற்குச் சொல்லும் விளக்கம் ரொம்ப எளிமையானது: வாட்டர் சீல் இல்லாத கழிப்பிடம். தண்ணீர் தேங்கும் அந்த வளைவு இல்லையென்றால், அங்கே அள்ளுவதற்கு ஒரு மனிதர் வந்தாக வேண்டும்.

அம்மாச்சி வீட்டில் இருந்தது அதுதான், எடுப்பு கக்கூஸ். கொல்லையில், சந்தைப் பார்த்து ஒரு சின்னத் தகரக் கதவு. காலையில் கூடையும் சாம்பலும் தகரத் துண்டுமாக ஓர் அம்மா வருவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தெருவாசல் வழியாக அவர் வந்ததே இல்லை. கக்கூஸ் என்ற சொல்கூட நம்முடையதில்லை, டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் 'கக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்றால் வீடு. சொல்லைக் கடல் கடந்து வந்தவர்களிடம் வாங்கிக்கொண்டோம். அள்ளும் வேலையை மட்டும் இங்கேயே சில சாதிகளின் தலையில் ஏற்றிவைத்தோம்.

1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன காந்தி, அங்கிருந்த கழிப்பிடங்களின் நிலையைப் பார்த்துத் தொண்டர்களிடம் முறையிட்டார். அது எங்கள் வேலையில்லை, தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் துடைப்பம் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்தார். நாட்டு விடுதலை பேச வந்தவர்கள் சொன்ன பதிலும், அம்மா பாசத்தோடு சொன்ன "நீ ஏன் தொடுற"வும் ஒரே வாக்கியம்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கமோடு வந்ததும் தகரக் கதவு மூடப்பட்டது, உண்மைதான். ஆனால் வளைவைத் தாண்டிப் போனதெல்லாம் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும்தான் சேர்கிறது. அங்கே இறங்கியவர்கள் விஷவாயுவில் செத்தார்கள். 2013இல் வந்த புதிய சட்டம், பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் தடைசெய்தது. அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் தேவையே வந்திருக்காது. 2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய் ஊறியதும் நட்டு அசைந்தது. பழைய சீட்டை எடுத்தேன். கீல் இருந்த இடத்தில் மஞ்சள் படிந்த அழுக்கு. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். குமட்டியது. அது என் வீட்டு அழுக்கு. புது சீட்டை மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அம்மாச்சி வீட்டுக்கு வருவாங்களே, அவங்க பேரு என்ன?"

"பேரா?" அம்மா யோசித்தாள். அடுத்த வீட்டுப் பசுவின் பேர்கூட அவளுக்கு நினைவிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "யாரும் கேட்டதில்லையே" என்றாள்.

செப்டிக் டேங்க் எடுத்து மூன்று வருடமாகிறது. அடுத்த மாதம் லாரி வரச்சொல்ல வேண்டும். வருகிறவர்களின் பேரைக் கேட்கணும். டேங்குக்குள் குழாய் மட்டும்தான் இறங்கணும், ஆள் இறங்கக் கூடாது என்பதைப் பக்கத்தில் நின்றே பார்த்துக்கொள்ளணும்.