விளையாட்டுத் தோழமையும் மறுசந்திப்பும்: கலித்தொகை முதல் கரிசல் சிறுகதை வரை

முன்னுரை

சிறுவயதில் உடன் விளையாடியவர்கள் பிரிந்து, பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்து, இழந்த அன்பை மீட்டுக்கொள்ளும் கதை இன்றைய குடும்ப நாவல்களில் பெருவழக்காக உள்ளது. மேலைநாட்டு வணிகப் புனைவின் வரவாக இது கருதப்படுவதுண்டு. எனினும் இக்கதைக்கூற்றின் பழைய வடிவம் ஒன்று கலித்தொகையிலேயே உள்ளது. கரிசல் இலக்கியம் அதே கூற்றை எடுத்துக்கொண்டு வேறொரு முடிவுக்குக் கொண்டுசென்றது. அம்மாற்றத்தின் சமூகக் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கலித்தொகைச் சான்று

கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியின் 51ஆம் பாடலில், தெருவில் கட்டிய சிற்றிலைக் காலால் சிதைத்தும் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியும் தொல்லை தந்த சிறுவன், வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வருகிறான். தாய் ஏவ, நீர் கொண்டுசென்ற தலைவியின் கையைப் பற்றுகிறான். அலறிய அவளே, தாய் ஓடிவந்ததும், அவனுக்கு நீர் விக்கியது என்று கூறி மறைத்துவிடுகிறாள். பழைய குறும்பின் நினைவே புதிய உறவுக்கு உரிமை தருகிறது. இங்கே தடை என்று எதுவும் இல்லை. தாயின் அறியாமைகூட நகைச்சுவையாகவே முடிகிறது.

தடையும் பிரிவும் அமைந்த மறுசந்திப்புக்கு ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ (1817) முன்மாதிரியாகச் சுட்டப்படும். அதன் தலைமக்கள் சிறுவயதுத் தோழர்கள் அல்லர், இளமைக் காதலர்கள். பொருளற்றவன் என்று விலக்கப்பட்ட வென்ட்வொர்த், ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்துக் கடற்படைப் போரில் ஈட்டிய செல்வத்துடன் வருகிறான். மனமாற்றத்துக்கு நாவல் எவ்வளவு இடம் தந்தாலும், அடைபட்ட கதவு திறக்க அந்தப் பொருளாதார ஏற்றமும் தேவைப்பட்டது. இவ்வுண்மை போதிய கவனம் பெறவில்லை.

கரிசல் நிலமும் முறையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர், சிவகாசி ஆகியவை பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மழை பெய்தால் மட்டும் நீரோடும் குண்டாறும், கண்மாய்களும், பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிக் காடுகளுமே இப்பகுதியின் அடையாளம். அருப்புக்கோட்டையில் தறி உண்டு. திருச்சுழிப் பக்கத்தில் அதுவும் அரிது. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’ (2003) நாவலில் வெயில் ஒரு கதைமாந்தரைப் போலவே உலவுகிறது.

இந்நிலத்தில் விளையாட்டுத் தோழமை பெரும்பாலும் உறவுக்குள் அமைவது. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தெருவில் வளர்வர். ‘மச்சான்’ என்ற சொல் கேலியாகத் தொடங்கி உரிமையாக முதிரும். தாமஸ் டிரவுட்மன் ‘திராவிட உறவுமுறை’ (1981) என்னும் நூலில் விளக்குவதுபோல, இம்முறையில் உறவுச்சொல்லே மண உறவைக் குறித்துவிடுகிறது. எனவே ஆணும் பெண்ணும் ‘காதலை’ அறிவிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அறிவிக்கப்படாத ஒன்றை இழக்கும்போது முறையிடவும் வழியில்லை.

1923 முதல் சிவகாசி வட்டாரத்தில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலும் பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் இவ்வுலகைக் குலைத்தன. விடியுமுன் கிராமங்களுக்கு வந்த ஆலைப் பேருந்துகள் சிறுமியரை ஏற்றிச்சென்றன. விளையாடும் பருவமே சுருங்கியது. இன்னொரு புறம், படித்த ஆணுக்கு நகர வேலையும் வெளியிலிருந்து பெண்ணும் கிடைத்தன. முறைக்கு முதன்முறையாக ஒரு விலை வந்தது.

வெயிலோடு போய்

நென்மேனியில் பிறந்த ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்னும் சிறுகதை இவ்விலையைக் கணக்கிடுகிறது. சிறுவயது முதல் தங்கராசு மச்சானையே நினைத்து வளர்ந்த மாரி வேறொருவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். மச்சான் தன் மனைவியோடு ஊருக்கு வந்திருப்பதறிந்து வெயிலில் ஓடிவருகிறாள். அவள் வருவது இழந்ததைக் கேட்பதற்கு அன்று. அவன் நன்றாக இருப்பதைப் பார்ப்பதற்கு. அவன் நன்றாக இல்லை என்று தெரிந்ததும் அழுகிறாள்.

மறுசந்திப்பு நிகழ்கிறது, மறுவாய்ப்பு நிகழவில்லை. மாரியின் ஒழுக்கத்தையோ தியாகத்தையோ இதற்குக் காரணமாகக் கொள்ளும் வாசிப்பு போதாது. வென்ட்வொர்த்தின் ஏற்றம் காதலியை நோக்கித் திரும்பியது. தங்கராசுவின் ஏற்றமோ மாரியை விட்டு விலகியதால்தான் ஏற்றமாகக் கருதப்பட்டது. இருவருக்குமிடையே தீர்க்கக்கூடிய மனத்தாங்கல் ஏதும் இல்லை. தீர்க்க வேண்டியது ஊரின் பொருளாதாரம்.

இக்கதையைத் தழுவிச் சசி இயக்கிய ‘பூ’ (2008) திரைப்படம் தங்கராசுவின் தந்தையைப் ‘பேனாக்காரர்’ என்ற பட்டப்பெயருடன் விரிவாக வரைந்தது. சிறுகதையில் இல்லாத பலவற்றைத் திரைப்படம் சேர்த்திருப்பினும் இச்சேர்க்கை பொருத்தமானது. உழைப்பாளியாகிய அவரது கனவு மகன் எழுத்தால் உயர்வது. அக்கனவைக் குற்றமென்று சொல்லவும் இயலாது. அதன் செலவு மாரியின் கணக்கில் விழுந்தது என்பதை மறைக்கவும் இயலாது. கலித்தொகைத் தலைவிக்குத் தாயிடம் சொல்ல ஒரு பொய் இருந்தது. உச்சிவெயிலில் வந்து நிற்கும் மகளைக் கண்டு மாரியின் தாய் திகைக்கும்போது, மாரியிடம் சொல்வதற்கு அப்படியொரு விக்கல்கூட இல்லை.